வயல் காவலுக்கு எந்த லைற்? வன்னிக் காட்டோரத்துக்கு ஓர் ஒப்பீடு

புழுதி விதைப்பு முடிந்து மாரி தொடங்கினால், வன்னியில் காட்டோரக் காணி வைத்திருப்பவர்களின் இரவு மாறிவிடும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய், மடு என்று எந்தப் பக்கம் போனாலும் வயற்கரையில் காவல் கொட்டிலும் பரணும் எழும். முளை பச்சை பிடிக்கும்போது பன்றி வரும். கதிர் பால் பற்றும்போது அதே பன்றி குட்டிகளோடு வரும். தை, மாசியில் நெல்லு முற்றும்போது யானை வரும். மேட்டில் கச்சானோ சோளனோ போட்டிருந்தால் முள்ளம்பன்றியும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் காவலுக்கு எந்த லைற் வாங்குவது என்ற கேள்வி ஒவ்வொரு காலபோகத்துக்கும் முன்னால் எழுகிறது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு கடைக்குள் போனால் சுவர் நிறையத் தொங்குகின்றன. எல்லாப் பெட்டியிலும் பெரிய இலக்கங்கள். விற்பவர் கையில் எடுத்து மத்தியான வெளிச்சத்தில் அழுத்திக் காட்டுவார், கண் கூசும், நல்ல லைற் என்று வாங்கி வந்துவிடுவோம். வயலில் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால்தான் கடைக்குப் போகுமுன் சில விஷயங்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

நான் பேசுவது காவலைப் பற்றித்தான், வேட்டையைப் பற்றி அல்ல. யானையும் மரையும் மானும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்பட்டவை. நம் வேலை அவற்றை வயலுக்குள் இறங்கவிடாமல் பார்ப்பது, இறங்கியிருந்தால் நமக்கும் அவற்றுக்கும் சேதமில்லாமல் வெளியேற்றுவது.

அந்த வேலையை மூன்றாகப் பிரிக்கலாம். வரம்பால் நடப்பது ஒன்று. தூரத்தில் அசைவது என்னவென்று பார்ப்பது இன்னொன்று. வந்ததைக் கலைப்பது மூன்றாவது. நடப்பதற்குத் தேவையான வெளிச்சம் கலைப்பதற்கு உதவாது, கலைக்கும் வெளிச்சம் பார்ப்பதைக் கெடுக்கும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய லைற்றை வாங்குபவர்கள்தான் அதிகம், அவர்களுக்குத்தான் காசும் அதிகம் போகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் காசை நெற்றியில் கட்டும் சிறிய லைற்றில் போடுங்கள். இரண்டாவது காசை ஒடுங்கிய கதிர் வீசும் ஒரு கை ரோச்சில் போடுங்கள். வயலுக்கு நடுவில் நாட்டும் சோலார் லைற்றுக்குக் காசு வைக்காதீர்கள். ஏன் என்பதைத்தான் இனி விளக்கப் போகிறேன்.

முதலில் கண்

எந்த லைற்றையும் விட நம்மிடம் இருக்கும் நல்ல கருவி இருட்டுக்குப் பழகிய கண். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் விழித்திரையின் கூம்புக் கலங்கள் 10 நிமிடங்களுக்குள் தம்மால் முடிந்த அளவுக்குப் பழகிவிடும். மங்கலில் பார்க்கும் கோல் கலங்களுக்கு 20 முதல் 30 நிமிடங்கள் வேண்டும். அந்த அரை மணித்தியாலத்துக்குப் பிறகு, நிலவில்லாத இரவிலும் வயலின் ஓரமும் காட்டின் விளிம்பும் வேறுவேறாகத் தெரியத் தொடங்கும். அதன் பிறகு வெள்ளை ரோச்சை ஒரு தரம் முகத்துக்கு நேரே அடித்தால் போதும், பழகியதெல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். நிமிடத்துக்கொரு தரம் வயலைச் சுற்றி ரோச் அடிக்கும் காவல்காரர் இரவு முழுக்க அரைக் குருடாகத்தான் இருக்கிறார். ரோச் படும் வட்டத்துக்கு வெளியே அவருக்கு எதுவுமே தெரியாது. கைத்தொலைபேசித் திரையும் இதே கேட்டைச் செய்யும். கொட்டிலுக்குள் வீடியோ பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே எட்டிப் பார்ப்பவருக்கு நிற்கும் பன்றியும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். விழித்திரையின் நடுப்புள்ளியில் கோல் கலங்கள் இல்லை. இருட்டில் ஒரு கறுப்பு உருவத்தை நேரே உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோவது அதனால்தான். சற்றுப் பக்கமாகப் பார்வையை வைத்தால் மீண்டும் தெரியும். பழைய காவல்காரர்கள் பற்றைக்கு ஒரு பாகம் தள்ளிப் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

கோல் கலங்களைச் சிவப்பு வெளிச்சம் மிகக் குறைவாகவே பாதிக்கும். ஆகவே சிவப்பில் எரியும் ஒரு லைற் இருந்தால் வெற்றிலைத் தட்டத்தைத் தேடலாம், தேநீர் ஊற்றலாம், மணி பார்க்கலாம், கண் பழகியபடியே இருக்கும். விலங்குப் பக்கத்திலும் இதற்கு நன்மை உண்டு. பன்றிக்கும் மானுக்கும் யானைக்கும் நிறம் பார்க்கும் கலங்கள் இரண்டு வகைதான். சிவப்பை நம்மைப் போல அவை உணர்வதில்லை, அவற்றுக்கு அது மங்கலாகவே படும். இருக்கிற இடம் காட்டாமல் காத்திருக்க வேண்டிய நேரத்தில் இது உதவும்.

வயது போனவர்களுக்கு ஒரு வார்த்தை. வயதோடு கண்மணி இருட்டில் விரிவது குறையும். கண்ணில் வெண்படலம் இருந்தால் எதிரே வரும் வெளிச்சம் சிதறிக் கூசும். இரவில் வரம்பு தெரியவில்லை என்பவர் இன்னும் பெரிய ரோச்சைத் தேடுவதற்கு முன் கண் கிளினிக்குக்குப் போய்வரவேண்டும்.

நெற்றி லைற்

என் முதல் தெரிவு இதுதான். மீன்பிடிப்பவர்களும் இரவில் இறைப்பவர்களும் கட்டும் அதே லைற். இரண்டு கையும் விடுபடுகிறது என்பது இதன் பெரிய பயன். ஒரு கையில் பொல்லு, மறு கையில் தகரம். யானை வெடி கொளுத்துவதென்றால் கையில் ரோச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் நெருப்பு வைப்பது ஆபத்து, நெற்றியில் வெளிச்சம் இருந்தால் திரியும் தெரியும், கையும் தெரியும். வன்னியில் தனியாகக் காணி பார்க்கும் பெண்கள் எத்தனையோ பேர். நான்கு பெரிய பற்றரி போட்ட இரும்பு ரோச்சை இரவு முழுக்கத் தூக்கித் திரிவதைவிட இது அவர்களுக்கு எவ்வளவோ சுகம்.

இதைவிடப் பெரிய காரணம் பாம்பு. புடையன் வரம்பில் படுத்திருக்கும், பொழுதுபட்ட மைம்மலில் வயலுக்குப் போகிறவர், வருகிறவர் காலிலேதான் அதிகம் கொத்தும். எண்ணெய் விரியன் நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை நித்திரையில் கடிக்கும், கடித்தது பல நேரம் தெரியவும் மாட்டாது. பன்றிக்காக நாம் நூறு மீற்றர் தூரத்துக்கு வெளிச்சம் தேடுகிறோம். உயிர் போகும் ஆபத்து காலடியிலிருந்து இரண்டு மீற்றருக்குள் இருக்கிறது. அந்த இரண்டு மீற்றருக்கு 20 முதல் 50 லுமென் (பெட்டியில் வெளிச்சத்தைக் குறிக்கும் அளவு) தாராளம். பரணிலிருந்து காலை நிலத்தில் வைக்குமுன் நெற்றி லைற் எரிந்திருக்க வேண்டும், அது இருட்டில் தடவினால் கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் ஒரே ஆணியில் தொங்க வேண்டும்.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை: மிகக் குறைந்த வெளிச்சத்தில் எரியும் வசதி இருக்கிறதா? சிவப்பு இருக்கிறதா, அந்தச் சிவப்பு வெள்ளையைத் தாண்டாமல் நேரே எரிகிறதா? சிலவற்றில் சிவப்புக்குப் போக மூன்று தரம் அழுத்தவேண்டும், இரண்டு தரம் வெள்ளை முகத்தில் அடித்த பிறகுதான் சிவப்பு வரும். அப்படிப்பட்டது காவலுக்கு உதவாது. லைற்றைக் கீழே சரிக்க முடிய வேண்டும், இல்லாவிட்டால் எதிரே கதைப்பவரின் கண்ணைக் கெடுப்பீர்கள். பட்டி வியர்வையிலும் மழையிலும் தளராமல் இருக்கவேண்டும்.

இதன் குறை ஒன்று, அது பனிக்காலத்தில் தெரியும். தை மாத விடியற்புறத்தில் குளத்தடி வயல்களில் பனி இறங்கும்போது நெற்றி லைற்றை முழு வெளிச்சத்தில் எரித்தால் முன்னால் வெள்ளைச் சுவர்தான். லைற்றும் கண்ணும் ஒரே உயரத்தில், ஒரே கோட்டில் இருப்பதால் பனித்துளிகளில் பட்ட வெளிச்சம் நேரே கண்ணுக்குத் திரும்புகிறது. அப்போது அதைக் கழற்றி இடுப்பளவில் கையில் பிடித்தால் வரம்பு மீண்டும் தெரியும். வாகனங்களின் பனி விளக்குத் தாழ்வாக இருப்பதும் இதற்காகத்தான்.

தாழப் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை எழுதவே மனம் கனக்கிறது. காட்டோரப் பாதைகளில் இன்றும் கட்டுத்துவக்கு, அதாவது குறுக்கே கட்டிய கம்பி தட்டுப்பட்டால் தானே வெடிக்கும் துவக்கு, வைக்கிறார்கள். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் இழுத்து வேலி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சட்டத்துக்கு விரோதம், இரண்டும் பன்றிக்கு வைத்து மனிதரைக் கொல்பவை. குறுக்கே கட்டிய மெல்லிய கம்பியையோ நூலையோ மேலிருந்து விழும் வெளிச்சம் காட்டிக் கொடுக்காது. தாழ இருந்து சரிந்து போகும் வெளிச்சத்தில் அதன் பளபளப்போ நிழலோ பிடிபடும். தெரியாத பாதையில் நெற்றி லைற்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பக்கம் எந்த லைற்றோடும் போகாதீர்கள், பன்றி எவ்வளவு தின்றாலும் சரி.

கை ரோச்: எந்தப் பற்றரி?

தூரத்தில் நிற்பது மாடா, பன்றியா, யானையா என்று அறியத்தான் கை ரோச். இங்கே தெரிவுகள் மூன்று: கழற்றிப் போடும் பெரிய பற்றரி ரோச், சுவரில் செருகிச் சார்ஜ் போடும் மலிவு ரோச், லித்தியம் பற்றரி போட்ட சிறிய ரோச்.

பெரிய பற்றரி ரோச்சை நம் அப்பாமார் வைத்திருந்தார்கள். அதற்கு இன்றும் ஓர் இடம் உண்டு. கரன்ட் இல்லாத கொட்டிலில், பற்றரி தீர்ந்தால் முடக்குக் கடையில் வாங்கிப் போடலாம். பழுதானாலும் கத்தி முனையால் தகட்டைச் சுரண்டிச் சரிசெய்யலாம். ஆனால் இரவிரவாக எரித்தால் பற்றரிச் செலவு ஒரு போகத்திலேயே ரோச்சின் விலையைத் தாண்டிவிடும். மலிவுப் பற்றரிகள் உள்ளுக்குள் ஒழுகி உறையையே அரித்துவிடும், அதுவும் மாரி ஈரத்தில் கெதியாக. பழைய குமிழை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. குமிழ் போட்டால் பற்றரி பல மடங்கு நிற்கும். ஏற்கனவே இருப்பவர்கள் இதைச் செய்து வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்குவதற்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

சுவரில் செருகும் மலிவு ரோச்தான் கடைகளில் அதிகம் விற்பது. அவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது 4 வோல்ற் ஈயப் பற்றரி. ஈயப் பற்றரிக்கு ஒரு குணம் உண்டு: இறங்கிய நிலையில் சும்மா வைத்தால் தகடுகளில் படிவம் கட்டிச் செத்துப்போகும். நம் காவல் மாரியில் நடந்து பங்குனியில் முடிகிறது. அருவி வெட்டி, சூடடித்து முடிந்ததும் ரோச் மூலையில் போகும். அடுத்த ஐப்பசியில் எடுத்தால் ஐந்து நிமிடம் எரிந்து மங்கி அணையும். இந்த ரோச்சுகள் ஒரு போகத்துக்கு மேல் நிற்பதில்லை என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். வாங்கியவர்கள் மாதம் ஒரு தரமாவது நிரம்பச் சார்ஜ் போட்டு வைத்தால் ஆயுள் நீளும்.

லித்தியம் பற்றரி ரோச்தான் என் தெரிவு. அதிலும் 18650 என்ற அளவுப் பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடியது. 18 என்பது மில்லிமீற்றரில் அதன் விட்டம், 65 அதன் நீளம். நல்ல ஒரு பற்றரி ஏறக்குறைய 11 வோற்-மணி சக்தி தரும். எல்.ஈ.டி. ரோச் ஒன்று 100 லுமெனுக்கு ஒரு வோற் அளவில் எடுக்கும் என்று கணக்குப் பார்த்தால், 100 லுமெனில் இரவு முழுக்க எரியும். 1000 லுமெனில் ஒரு மணித்தியாலம்தான், அதற்குமுன் ரோச்சே சூடேறித் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். கதிர் வீசும் ரோச்சோடு இரண்டு பற்றரி வைத்திருந்தால் எந்த மாரி இரவையும் கடத்தலாம். பகலில் மோட்டார்ச் சைக்கிளிலோ சிறிய சோலார் தகட்டிலோ யூ.எஸ்.பி. வயரில் சார்ஜ் ஏற்றலாம்.

இந்தப் பற்றரியில்தான் பொய் அதிகம். 18650 அளவில் இன்று உண்மையாகக் கிடைக்கும் கொள்ளளவு பொதுவாக 3500 மில்லி அம்பியர்-மணி அளவோடு முடிகிறது. மேலே 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய், வைத்துவிட்டு வாருங்கள். கையில் நிறுத்தும் பாருங்கள். உண்மையான பற்றரி பெரும்பாலும் 45 கிராம் அளவில் அல்லது அதற்கு மேல் இருக்கும். சில போலிப் பற்றரிகளுக்குள் சின்னப் பற்றரி ஒன்றும் மிச்சத்துக்கு வெறும் பொடியும் இருக்கும், தூக்கியவுடன் இலேசாகத் தெரியும். உறை கிழிந்த, நசுங்கிய லித்தியம் பற்றரியைப் பாவிக்கவே கூடாது. அது தீப்பிடிக்கும், கிடுகுக் கொட்டிலில் அதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

லுமென் என்பது ரோச் வெளிவிடும் மொத்த வெளிச்சம். தூரத்துக்குப் போவதைச் சொல்வது கண்டெலா என்ற வேறு கணக்கு. அகலமாகப் பரப்பும் 1000 லுமென் ரோச்சைவிட, ஒடுக்கி வீசும் 300 லுமென் ரோச் தூரம் காட்டும். நல்ல பெட்டிகளில் மீற்றரில் ஒரு தூரம் எழுதியிருக்கும். அந்தத் தூரம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்: ரோச்சின் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்வரை அளக்கிறார்கள், அது தெளிந்த வானில் முழு நிலவு தரும் அளவு. 10,000 கண்டெலா ரோச்சுக்கு 200 மீற்றர் வரும். முழு நிலவில் 200 மீற்றருக்கு அப்பால் நிற்பது எருமைக் கன்றா பன்றியா என்று உங்களால் சொல்ல முடியுமா? ஆகவே பெட்டியில் உள்ள தூரத்தை மூன்றால் பிரியுங்கள். அங்கே வெளிச்சம் ஒன்பது மடங்கு, உருவம் பிடிபடும். நம் வயல் துண்டுகளுக்கு 200 அல்லது 300 மீற்றர் என்று எழுதியது போதும். அதற்கு மேலே காட்டுவதெல்லாம் அடுத்தவர் காணி.

நிறத்தையும் பாருங்கள். நீலம் கலந்த வெள்ளை கடையில் பிரகாசமாகத் தெரியும், பச்சை நெல்லுக்குள் நிற்கும் கபில நிற உடம்பை அதே நெல்லோடு கலந்துவிடும், பனியிலும் அதிகம் கூசும். சற்று மஞ்சள் கலந்தது, பெட்டியில் 4000 கெல்வின் என்று போட்டிருப்பது, பச்சையையும் கபிலத்தையும் பிரித்துக் காட்டும். தண்ணீர் தாங்கும் தரமாகப் பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 4 என்று போட்டிருந்தால் தூறலுக்கு மட்டும். 7 என்றால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும். வாய்க்காலில் விழாத ரோச் வன்னியில் இல்லை, 7 வாங்குங்கள்.

பார்க்கும் விதத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். மாடு, மரை, மான், நாய் ஆகியவற்றின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் ஒரு படலம் இருக்கிறது, ரோச் பட்டால் மின்னும். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. மின்னும் கண்ணைத் தேடி வயலைச் சுற்றி அடித்துவிட்டு ஒன்றும் இல்லை என்று படுத்தால், பன்றிக் கூட்டம் நடுவயலில் நின்று தின்னும். மின்னுகின்ற கண்கள் பெரும்பாலும் அயலவரின் கட்டாக்காலி மாடு. பன்றியைச் சத்தத்தால் தேடுங்கள், தண்ணீர் அளையும் சத்தம், வேர் அறுக்கும் சத்தம். சத்தம் வந்த திசைக்கு ஒரே தரம் கதிரை விட்டு உருவத்தைப் பாருங்கள்.

பெரிய சேர்ச் லைற்

தோளில் மாட்டும் பெரிய லைற்றைப் பலர் யானைக்காக வாங்குகிறார்கள். வெளிச்சத்துக்கு யானை கலைவது உண்மைதான், பழகாத யானைக்கு. அடிக்கடி வயலுக்கு வந்து பழகிய கொம்பனும் தனியனும் வெளிச்சத்தை மதிக்காது, கிட்ட நின்று முகத்துக்கு அடித்தால் வெளிச்சம் வந்த திசைக்கே வரும். தாய்லாந்தில் ஆசிய யானைகளை ஓடவிட்டு அளந்தபோது விநாடிக்கு 6.8 மீற்றர் வேகம் வரை பதிவானது. நூறு மீற்றரை அது 15 விநாடியில் கடந்துவிடும். சேற்று வரம்பில், இருட்டில், கையில் நிறையோடு நாம் 15 விநாடியில் எவ்வளவு தூரம் போவோம்?

ஆகவே யானைக்கு லைற்றின் வேலை அது எங்கே நிற்கிறது, எத்தனை நிற்கின்றன, குட்டி இருக்கிறதா என்று தூரத்திலிருந்தே அறிவது. அது கை ரோச்சின் வேலைதான். கலைப்பதைக் கூட்டமாக நின்று, யானை திரும்பிப் போகக் காட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டு, சத்தத்தாலும் வனஜீவராசிகள் திணைக்களம் தரும் யானை வெடியாலும் செய்யவேண்டும். நான்கைந்து காணிக்காரர் சேர்ந்து ஒரே ஒரு பெரிய லைற்றை வாங்கி ஒரு பரணில் வைத்தால் அதில் பயன் உண்டு. தனியாள் ஒருவர் இதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

சோலார் லைற்

இது நிறையப் பேரை ஏமாற்றுகிறது. பெட்டியில் 200 வோற் என்று இருக்கும். தகட்டை அளந்து பாருங்கள். 35 சென்ரிமீற்றருக்கு 30 சென்ரிமீற்றர் தகடு கொளுத்தும் வெயிலில் 20 வோற்றுக்குக் கிட்டத்தான் தரும், அதற்குமேல் தர இயற்கை விடாது. அதுவும் வெயில் இருந்தால். நமக்குக் காவல் தேவைப்படுவது கார்த்திகை, மார்கழியில். வடகீழ்ப் பருவ மழை வானத்தை மூடும் அதே மாதங்கள். நாள் கணக்கில் வெயில் முகம் காட்டாதபோது லைற் சாமத்துக்கு முன்னரே அணைந்துவிடும். பன்றி சாமத்துக்குப் பிறகும் வரும்.

அணையாமல் எரிந்தாலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி எரியும் வெளிச்சத்துக்கு விலங்குகள் சில நாட்களில் பழகிவிடும். இதைவிடப் பயிருக்கே ஒரு தீமை இருக்கிறது. கபிலநிறத் தத்தி வெளிச்சத்தைத் தேடி வரும் பூச்சி, அதன் நடமாட்டத்தை அறிய ஒளிப்பொறி வைப்பதே அதனால்தான். வயலுக்கு நடுவில் இரவு முழுக்க வெள்ளை லைற்றை எரிப்பது அதற்கு அழைப்பு அனுப்புவது போன்றது.

அசைவு கண்டால் எரியும் சென்சர் வகையும் வயலுக்குச் சரிவராது. அந்தச் சென்சர் 8 முதல் 12 மீற்றருக்குள் வரும் சூடான உடம்பைத்தான் உணரும், காற்றுக்கு ஆடும் செடியும் அதை ஏமாற்றும். ஆனால் வீட்டில் அதற்கு நல்ல இடம் உண்டு. நெல்லு மூட்டை அடுக்கிய அறையின் சுவரை யானை இடிப்பது நாம் அறிந்ததே. அந்தப் பக்கத்து வளவில் ஒன்றைப் பூட்டினால், தங்கியிருப்பவர் எழும்பப் போதுமான எச்சரிக்கை கிடைக்கும். வாங்கினால் லித்தியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி போட்டதாக வாங்குங்கள், வெக்கைக்கும் ஆண்டுக் கணக்கான சார்ஜுக்கும் மற்றவற்றைவிட அது தாங்கும்.

இருட்டில் காட்டும் கருவிகள்

வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர் அனுப்புகிறேன் என்று கேட்பதால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது. அகச்சிவப்புக் கதிர் வீசித் திரையில் காட்டும் கருவி ஒருவகை. 850 நனோமீற்றர் கதிர் என்றால் முன்பக்கத்தில் மெல்லிய சிவப்புத் தெரியும், தூரம் போகும். 940 என்றால் கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறையும். இரண்டிலும் திரையின் வெளிச்சம் பார்க்கிற கண்ணைக் கெடுத்துவிடும். மற்றது உடம்பின் சூட்டைக் காட்டும் வெப்பக் கருவி. நெல்லுக்குள் முதுகு மட்டும் தெரியும் பன்றியைக்கூட அது வெள்ளைப் புள்ளியாகக் காட்டும், வேலையென்று பார்த்தால் இதற்கு நிகர் ஒன்றும் இல்லை. கடும் மழையிலும் அடர்ந்த பனியிலும் மங்கும். விலை இலட்சங்களில் போகிறது. ஐந்து ஏக்கர் நெல்லின் மிச்சத்தில் அதை நியாயப்படுத்த முடியாது. படையினரும் பொலிசாரும் ரோந்து போகும் வன்னியில் இப்படியொரு கருவியோடு இரவில் காட்டோரம் நின்றால் வரும் கேள்விகளையும் நினைக்கவேண்டும். கமக்கார அமைப்பு ஒன்று பொதுவில் வாங்க நினைத்தால், அனுமதியை எழுத்தில் பெற்ற பிறகு வாங்கட்டும்.

காசு எவ்வளவோ அதற்கேற்ப

மிகக் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால், சிவப்பும் குறைந்த வெளிச்சமும் உள்ள நெற்றி லைற் ஒன்று மட்டும். தூரம் பார்க்க அயல் பரணில் இருப்பவரின் ரோச்சைச் சேர்த்துக்கொள்ளலாம், அவருக்கு மூன்று தரம் சிவப்பைக் காட்டினால் அடிக்கச் சொல்லி முன்கூட்டியே பேசி வையுங்கள். இன்னும் கொஞ்சம் இருந்தால் 18650 ரோச்சும் இரண்டு நல்ல பற்றரியும். அதற்கு மேலும் மிஞ்சினால், லைற்றில் போடாமல் முழங்கால்வரை வரும் றபர் சப்பாத்து வாங்குங்கள். வரம்பில் அது எந்த லைற்றையும் விடக் காலைக் காக்கும்.

கடையில் வாங்கும்போது பின்பக்க அறையிலோ மேசைக்கு அடியிலோ இருட்டில் எரித்துப் பாருங்கள். கதிரின் நடுவில் கருவட்டம் விழுந்தால் வேண்டாம். கைத்தொலைபேசிக் கமராவால் பார்க்கும்போது வெளிச்சம் கோடுகோடாக ஓடினால் அது மலிவு மின்சுற்று, நடக்கும்போது கண் களைக்கும். ஒரே பொத்தானில் நாலைந்து மின்னல் விளையாட்டு வைத்திருப்பதையும் தள்ளுங்கள். அவசரத்தில் அழுத்த, வேண்டாத மின்னல்தான் வரும்.

அறுவடை முடிந்ததும் கழற்றும் பற்றரிகளைக் கழற்றி வையுங்கள். லித்தியத்தை அரைவாசிச் சார்ஜில், தகரக் கூரைச் சூடு படாத இடத்தில் வையுங்கள். நெற்றி லைற்றின் பட்டியைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள், உப்பேறினால் இழுவை போய்விடும். சிறுபோகம் செய்கிறவர்கள் நெற்றி லைற்றை மட்டும் வெளியே வைத்திருங்கள், வெயில் காலத்திலும் புடையன் அதே வரம்பில்தான் இருக்கும்.